எழில்மாறனுக்காகச் சரணடைந்தவர்கள்

பழைய மெட்ராஸ் ரோட்டில், ஜோகுபாளையத்துக்குத் திரும்பும் இடத்துப் புளியமரத்தடியில், மில் தொழிலாளி அய்யாவு செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் கேரியர். அதன் கொக்கி இறுக்கமாக மாட்டியிருந்தது. 1961 டிசம்பர் மாதம், பெங்களூரே பஞ்சுப் பொதிக்குள் போய்விட்ட மாதிரி பனி. முதலில் பார்த்த பால்காரர், ஆள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று எண்ணி மணி கேட்டாராம். பதில் வராததால் மரியாதை தெரியாதவன் என்று திட்டிவிட்டுப் போனாராம். திரும்பி வரும்போதுதான் திட்டியதை வாபஸ் வாங்கினாராம்.

காலை ஏழரை மணிக்கு இன்ஸ்பெக்டர் சீனிவாசராகவன் வந்து சேர்ந்தார். பாட்டனார் காலத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த குடும்பம். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் கன்னடம், ஃபைலில் இங்கிலீஷ் என்று பிரித்து வைத்திருந்தார். குற்றவாளியிடம் மட்டும் எந்தப் பாஷையிலும் அதிகம் பேசமாட்டார். சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். அது தாங்காமல் சிலர் செய்யாத திருட்டைக்கூட ஒப்புக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு.

நடுரோட்டில் பிரேக் பிடித்த கருப்புத் தடம். பள்ளத்தில் நெளிந்துபோன சைக்கிள். தடத்திலிருந்து மரம் வரை ரத்தம் தேய்ந்த கோடு.

"அடிச்சவன் ஓரமா இழுத்துப் போட்டுட்டு ஓடியிருக்கான் சார்" என்றார் ஹெட் கான்ஸ்டபிள் முனிராஜ்.

சீனிவாசராகவன் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். இழுத்த கோடு நேராகப் போகும். இது தடத்தைச் சுற்றி இங்கே ஒரு வளைவு, அங்கே ஒரு வளைவு என்று கோலம்போல அலைந்துவிட்டு அப்புறம்தான் மரத்துக்குப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே ரத்தக்கசிவு. இரண்டு உள்ளங்கையிலும் கண்ணாடிக் கீறல்கள். "கண்ணாடி மேல விழுந்திருப்பார்." பிறகு வெளியே வந்து, தலைவிரிகோலமாக நின்ற அய்யாவின் மனைவி காந்தாவிடம் குரலைத் தாழ்த்தினார். "உடனே உயிர் போயிடுச்சும்மா. ஒண்ணும் கஷ்டப்படல."

காந்தா அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முனிராஜ் அவளிடம் துண்டையும் டிபன் கேரியரையும் ஒப்படைத்தார். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் குற்றவாளியே வந்து சேர்ந்தான். வக்கீலோடு, வலது ஹெட்லைட் உடைந்த ஒரு நீலக் காரோடு. பெயர் அப்பாதுரை. நடிகர் எழில்மாறனின் டிரைவர்.

எழில்மாறன் யார் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் பெங்களூர் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் இல்லை. அவர் படத்தில் அடிபட்டால் ஜோகுபாளையத்தில் மூன்று வீட்டில் உலை ஏறாது. 'கலைக்குரிசில்' என்று ஒரு பட்டம். யார் கொடுத்தது என்று தெரியாது. ஒரு போஸ்டரில் ஏறியது, அப்புறம் இறங்கவேயில்லை. நாடகம் நடத்த வந்து, கன்டோன்மென்ட் ஹோட்டல் ஒன்றில் தங்கியிருந்தார். நீலக் கார் நாடகக் கம்பெனி முதலாளி ரங்காவுடையது. முந்தின நாள் சாயங்காலம்தான் வாங்கி வந்தது. அதற்குப் போட்ட மாலையில் பூகூட இன்னும் வாடவில்லை.

"யார் ஓட்டினது?"

"நான்தான் சார். தனியா. பெட்ரோல் போடப் போனேன். அண்ணன் தூங்கிட்டிருந்தாரு."

"இடிச்சப்புறம்?"

"பயந்து ஓடிட்டேன் சார்."

"நிறுத்தவே இல்லையா?"

"இல்ல சார்."

"ஹெட்லைட் அங்கேதான் உடைஞ்சுதா?"

"ஆமா சார்."

"ரோட்டுல ஒரு சில்லுகூட இல்லையே அப்பாதுரை. பெருக்கித் துடைச்ச மாதிரி இருக்கு."

அப்பாதுரை வக்கீலைப் பார்த்தான். வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.

"நான்தான் சார் பொறுக்கினேன். மறந்துட்டேன்."

"இப்பதானே நிறுத்தலைன்னே? கையைக் காட்டு."

கையில் ஒரு கீறல் இல்லை. சோப்பு மணம்தான் இருந்தது.

டெலிபோன் அடித்தது. மேலதிகாரி. "என்ன ராகவன், டிரைவர்தான் ஒப்புக்கிட்டானே? மங்களம் பாடிடுங்க. எழில்மாறன் பெரிய மனுஷர். ஸ்டேஷன் பக்கம் இழுக்காதீங்க."

"சரி சார்" என்றார் சீனிவாசராகவன். மங்களம் பாடவில்லை. அப்பாதுரையைக் கம்பிக்குப் பின்னால், வெறும் கல்தரையில் உட்கார வைத்தார்கள். மூன்று பெண் குழந்தைகள் என்று அவன் யாரும் கேட்காமலே சொன்னான். எத்தனை வருஷம் போடுவார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து கொலையாளிகள் வந்துவிட்டார்கள்.

செய்தி கசிந்து, அண்ணன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எழில்மாறன் ரசிகர் மன்றமே கிளம்பி வந்திருந்தது. வரிசையாக நின்றார்கள், டிக்கெட் எடுக்கிற மாதிரி. முதலில் நின்ற டென்சில் காரை ஓட்டியது தான்தான் என்று மாதா மேல் சத்தியம் செய்தான். கியர் எங்கே இருக்கும் என்று கேட்டதற்குப் பின்சீட்டுக்கு அடியில் என்றான். அடுத்தவனுக்கு மாட்டுவண்டி ஓட்டத் தெரியும். மூன்றாமவன், கார் ஓட்டத் தெரியாததால்தான் ஆள் செத்தார் என்று நியாயம் பேசினான். சீனிவாசராகவனுக்கு அது மறுக்க முடியாத வாதமாகத்தான் பட்டது.

மன்றச் செயலாளர் ஜெயராஜ் கடைசியாக வந்தான். அழுது வீங்கிய முகம்.

"ஏம்ப்பா, செத்துப்போன அய்யாவு உனக்குத் தெரிஞ்சவரா?"

"இன்னா சார் அப்படிக் கேக்குறீங்க? எங்க மன்றத்துப் பொருளாளர் சார் அவரு. பாடியைக் கொண்டாந்து வெச்சுட்டு நேரா இங்கதான் வர்றோம்."

"அவரைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சுக்க வேணாமா உங்களுக்கு?"

"அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல அண்ணனக் காப்பாத்தணும்." ஜெயராஜ் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அய்யாவு மட்டும் உசுரோட இருந்திருந்தா எங்களுக்கு முன்னாடி வந்து நின்னிருப்பாரு சார்."

சீனிவாசராகவன் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு, "முனிராஜ், ஜீப்" என்றார்.

அய்யாவின் வீட்டில் ஒரே அறை. சுவரில் முருகன் படம் ஒன்று, எழில்மாறன் படம் நாலு. ஐந்துக்கும் சாமந்தி வைத்திருந்தது. அய்யாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். மூலையில் டிபன் கேரியர், கொடுத்தது கொடுத்தபடி இருந்தது.

"திறக்கலையாம்மா?"

"மனசு வரல சார். காலைல நான் கட்டிக் குடுத்தது. எலுமிச்சஞ்சாதம். சூடு ஆறாம சாப்புடுன்னு சொன்னேன்."

"நான் திறந்து பார்க்கலாமா?"

காந்தா தலையசைத்தாள். கொக்கியை நீக்கி மூடியை எடுத்தார். மஞ்சள் சோற்றின் மேல், கவனமாக அடுக்கியதுபோல் ஹெட்லைட் கண்ணாடிச் சில்லுகள். பெரியது அடியில், சின்னது மேலே. எல்லாவற்றிலும் காய்ந்த ரத்தம்.

முனிராஜ் கன்னடத்தில் ஏதோ சாமி பேரைச் சொன்னார்.

காந்தா நெடுநேரம் சோற்றையே பார்த்தாள். பிறகு புருஷனின் விரித்து வைத்திருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப உடனே சாகல" என்றாள்.

சீனிவாசராகவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டரு பொய் சொன்னாரா சார்?"

"உங்களுக்காகச் சொன்னாரும்மா." "இதை நான் எடுத்துட்டுப் போகணும். எடுத்துட்டுப் போனா கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லணும். விட்டுட்டா அந்த டிரைவர் ஜெயிலுக்குப் போவான். அவன் செய்யல."

"சாயங்காலம் வரேன் சார்" என்றாள் காந்தா. "மொதல்ல இவர எடுத்து அடக்கம் பண்ணிட்டு வரேன்."

நாலு மணிக்கு ஹோட்டல். எழில்மாறன் சில்க் ஜிப்பாவில் எழுந்து கைகூப்பினார். காபி வந்தது. வெள்ளித் தட்டில். நாடக முதலாளி ரங்கா சுவரோரம் நின்றார்.

"அப்பாதுரை தப்புப் பண்ணிட்டான் சார்" என்று ஆரம்பித்தார் எழில்மாறன். திரையில் கேட்ட அதே குரல்.

சீனிவாசராகவன் காபியைத் தொடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார்.

"ரோட்டுல கண்ணாடி இல்ல. உடைச்ச ஆள் பொறுக்கியிருந்தா அவன் கையில காயம் இருக்கணும், அப்பாதுரைக்கு இல்ல. செத்தவர் கையில இருந்தது. விழுந்த காயம்னு டாக்டர் நினைச்சார், நானும் நினைச்சேன். கண்ணாடியே இல்லாத ரோட்டுல எப்படிக் கண்ணாடி மேல விழறது? அதை யோசிக்காம டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுத்துட்டோம். அய்யாவு இடுப்பொடிஞ்சு, தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொரு சில்லாப் பொறுக்கியிருக்கார். தன்னை இடிச்ச வண்டி எதுன்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. யாருக்காக? அப்பாதுரையை அவர் பார்த்ததே கிடையாது. வண்டியோ நேத்து வாங்கினது, நீங்க வர்ற வண்டின்னு ஊருக்குத் தெரியாது. அப்ப அவர் வண்டியைப் பார்த்துப் பொறுக்கல சார். முகத்தைப் பார்த்துப் பொறுக்கினார்."

ரங்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எழில்மாறன் கையமர்த்தினார்.

"விடியறதுக்கு முன்னாடிதான் சார் நான் மனுஷனா ரோட்டுல போக முடியும்" என்றார். குரல் மாறியிருந்தது. யாரோ ஊர்க்காரர் பேசுவது போலிருந்தது. "அதான் தனியா எடுத்துட்டுப் போனேன். பனியில சைக்கிள் தெரியல. இறங்கி ஓடினேன். 'அண்ணே, நீங்களா'ன்னு சிரிச்சார். சார், சிரிச்சார். 'யாராச்சும் பாக்குறதுக்குள்ள போயிடுங்கண்ணே'ன்னார். வண்டி அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அனுப்பினீங்களா?"

"அனுப்பினா எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்கன்னு..." ரங்காவின் பக்கம் பார்த்தார். "நான் வேற யாராவதா இருந்திருந்தா அவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் சார். எனக்கு யார் நியாயம் பண்ணுவா? கோர்ட்டுக்கு முன்னாடியே பேப்பர்காரன் தூக்குல போட்டுடுவான்."

"இருக்கலாம்" என்றார் சீனிவாசராகவன். "உங்களுக்கு நியாயம் கிடைக்காதுன்னு பயந்தீங்க. அப்பாதுரைக்குக் கிடைக்காதுங்கற தைரியத்துல அவனை அனுப்பினீங்க. கிளம்பலாமா?"

ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே டெலிபோன் மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் எடுக்கவில்லை. வக்கீல் முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

"இறந்தவரே மன்னிச்சுட்டார், மிஸ்டர் ராகவன். அந்தக் கண்ணாடி எங்க கட்சிக்காரருக்குத்தான் சாட்சி சொல்லும். அபராதத்தோட போயிடும், பாருங்க."

அது உண்மைதான் என்று சீனிவாசராகவனுக்கும் தெரிந்தது. போலீஸிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் நிற்காது. எழில்மாறனைக் குற்றவாளி என்று காட்ட அந்தக் கண்ணாடியை விட்டால் வேறு எதுவும் இல்லை. அதுவே அவரை விடுவித்தும்விடும். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சாட்சியை அவர் பார்த்ததில்லை.

எழில்மாறன் படியேறி உள்ளே நுழைந்தார். பாரா சிப்பாய் விறைத்து நின்றார். ரைட்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வரிசையில் வந்து ஒப்புக்கொண்ட ஐந்து பேரும் எழுந்தார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து அப்பாதுரைகூட எழுந்து கைகட்டி நின்றான். தானும் நின்றுகொண்டிருப்பதைச் சீனிவாசராகவன் ஒரு கணம் கழித்துத்தான் கவனித்தார். தான்தான் இன்னும் உட்காரவே இல்லையே என்று மனசு சமாதானம் சொன்னது. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

எழுந்திருக்காதவள் ஒருத்திதான். சுவரோரப் பெஞ்சில், மயானத்துக்கு அனுப்பிவிட்டுக் குளித்த ஈரத்தலையோடு காந்தா.

எழில்மாறன் அவள் முன்னால் போய் நின்றார். கைகூப்பினார். கண்களில் நீர். நிஜமான நீர்தான், ஆனால் அந்த நீரை எல்லோரும் பல தடவை பார்த்திருந்தார்கள்.

"அவரு உங்ககிட்ட இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"போயிடுங்கண்ணேன்னார்மா."

"வேற?"

எழில்மாறன் தயங்கினார்.

"தண்ணி கேட்டார்மா."

"குடுத்தீங்களா?"

வாசலில் யாரோ "அண்ணன் வாழ்க" என்று கத்தினான். உள்ளே ஜெயராஜ் திரும்பி, "டேய், சும்மா இருங்கடா" என்றான். சத்தம் அடங்கிவிட்டது. எழில்மாறனின் கூப்பிய கை தானாகப் பிரிந்து தொங்கியது.

காந்தா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"வக்கீலய்யா சொன்னதக் கேட்டுகினுதான் இருந்தேன். அவரு மன்னிச்சிருப்பாரு சார். அவரு குணம் அது. ஆனா நான் மன்னிக்கல. எழுதிக்குங்க, எங்க கைநாட்டு வெக்கணும்?"