மூன்று மணிக்கு அதிபர் காலி!

'டிங்!'

சாப்பாட்டு மேஜையில் கிடந்த டேப்லெட் சத்தம் போட்டது.

ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்தாள்.

துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

'இன்று பிற்பகல் மூன்று மணி. அத்தோடு உன் கதை முடிந்தது. கையெழுத்துப் போடாத அந்தக் கையைத்தான் முதலில் எடுப்பேன். – தேள்.'

தேளா...?

அது அவள் கணவனின் டேப்லெட். அவன் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல், 'போ... போயிடு...' என்று கெஞ்சி வாசல் வரை வழியனுப்பி வைக்கிற ஜென்மம்.

அவனைக் கொல்ல ஒரு தேளா?

அவன் எண்ணை அழுத்தினாள். ஐந்து முறை அடித்து ஓய்ந்தது. ஆறாவது முறை எடுத்தான்.

"என்னங்க! உங்களுக்கு யாரோ..."

"ஏம்மா, இப்பப் பேச முடியாது." குரல் கிசுகிசுத்தது. "மூணு மணி வரைக்கும் கூப்பிடாதே. உயிர் தப்பிச்சா அப்புறம் பேசலாம்."

டொக்!



கல்யாணமாகி மூன்று வருஷம். 'அடுத்த மாசம் கண்டிப்பா கடலுக்குப் போறோம்' என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு மாசமும் ஒரே பதில்தான். 'லீவு கிடைக்கலம்மா.' இனிமேல் அந்தப் பதிலைச் சொல்லக்கூட ஆள் இருக்க மாட்டானோ...

மணி ஒன்று ஐம்பது.

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

காவல் நிலையத்தில் பெண் இன்ஸ்பெக்டரின் மேஜை முன்னால் ஏட்டு ஒரு மடித்த காகிதத்தோடு நின்றிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கும் வயது. பார்த்தால் ஒரு பூனைக்கு வழிவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"நாலே நாள் மேடம். பொண்ணுக்குத் தலைப்பிரசவம். பேத்தி பொறந்து ஒரு வாரமாச்சு, இன்னும் மூஞ்சியைக்கூடப் பார்க்கல."

"லீவா? எல்லையில நிலைமை சரியில்ல ஏட்டய்யா!"

"எந்த எல்லை மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஒரு விநாடி விழித்தாள்.

"நம்ம ஸ்டேஷன் எல்லைதான்! வேற எந்த எல்லை?"

"மேடம்!" அவள் குறுக்கே பாய்ந்தாள். "என் வீட்டுக்காரரைக் கொல்லப் போறாங்க! இன்னிக்கு மூணு மணிக்கு!"

டேப்லெட்டை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் தடித்த கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிக்கொண்டு படித்தாள்.

அந்தப் பதற்றத்திலும் டேப்லெட்டை நீட்டியவளுக்குத் தொழில் புத்தி போகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள் அவள். 'மைனஸ் ஆறு. கழற்றினால் சுவர் எது, கதவு எது என்று தெரியாது' என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

படித்து முடித்த இன்ஸ்பெக்டரின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இது... உங்க வீட்டுக்காரருக்கு வந்ததா?"

"ஆமா மேடம்."

"எங்க வேலை அவருக்கு?"

"குடிநீர் வாரியம். புகார்ப் பிரிவு."

இன்ஸ்பெக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது!

"ஏட்டய்யா! ஜீப்பை எடுங்க!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போலீஸ் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

புகார்ப் பிரிவில் மனுக்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் தலையில் ஒரு செங்கல்.

அந்தக் காகிதச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"தெற்குக் கடற்கரையில எண்ணூறு டாங்கியை நிறுத்துங்க! நிதியமைச்சர் எங்க? டிபன் சாப்பிடப் போயிட்டாரா? நாடு எரியறப்ப என்னய்யா டிபன்?"

"என்னங்க!"

காதில் ஹெட்செட்டோடு எட்டிப் பார்த்தான் கணவன். மனைவியைப் பார்த்தான். பின்னால் காக்கியைப் பார்த்தான். எழுந்தே விட்டான்.

"ஏம்மா... வீட்டுல திருட்டா?"

"உங்களைக் கொல்லப் போறாங்கன்னு ஓடி வந்தா, வீட்டுல திருட்டாங்கறீங்க! யாருங்க அந்தத் தேள்?"

"தேளா?" அவன் முகம் வெளுத்தது. அப்புறம் அசடு வழிந்தது. "அது... ஒரு சர்வாதிகாரி."

"என்னது?"

"வீடியோ கேம்மா. ஆன்லைன்ல ஆளாளுக்கு ஒரு நாடு. நான் பவளத்தீவுக் குடியரசோட அதிபர்." தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். "தேள் பக்கத்து நாடு. இரும்புக்கோட்டை. ஆத்துத் தண்ணி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடச் சொல்லி மூணு தடவை கேட்டாங்க, நான் போடல. போர் நிறுத்தம் இன்னிக்கு மூணு மணிக்கு முடியுது. அடிச்சே தீருவாங்க."

அவள் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகை வந்தது. பாதி அழுகையில் கோபம் வந்து அதை இடித்துத் தள்ளியது.

"செருப்பை மாத்திப் போட்டுட்டு ஓடி வந்தேங்க நான்!"

"ஸாரிம்மா... மேடம், உங்களுக்கும் வீண் அலைச்சல்."

"வீண் அலைச்சலா?" இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்த அவன் போனை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாள். "விளையாட்டோ வினையோ, கொலை மிரட்டல் கொலை மிரட்டல்தான் சார். இது ஆதாரம். டேப்லெட்டும் ஆதாரம். விசாரணை முடியட்டும், தர்றேன்."

"எப்ப மேடம் முடியும்?"

"மூணு, மூணேகாலுக்கு."

"மேடம்!" அவன் அலறினான். "மூணு மணிக்கு நான் உள்ள இல்லைன்னா நாடே போயிடும்! மூணு வருஷ உழைப்பு! உலகத்துல நாற்பத்திரெண்டாவது இடம்!"

"உட்காருங்க."

உட்கார்ந்தான்.

வாசலருகே ஏட்டு மட்டும் நின்றபடி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியின் போட்டோவாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம்.

மணி இரண்டு முப்பத்தைந்து.

"எதிரிங்க வேற யாராவது?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"இல்ல மேடம். தேளோட முதுகுக்குப் பின்னால நத்தைபுரின்னு ஒரு துக்கடா நாடு இருக்கு. மொத்தமே அஞ்சு படகு. அதை யாரும் ஒரு நாடா மதிக்கிறதே இல்ல."

"அதை விடுங்க." இன்ஸ்பெக்டர் கையை வீசினாள். "நாட்டைக் காப்பாத்த வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. நாட்டை லீவுல போட்டா யாரும் தொட முடியாது. ஆனா அஞ்சு நாள் நானும் உள்ள போக முடியாது, ரேங்க் போயிடும். அதனாலதான் இவகிட்ட மாசா மாசம் லீவு கிடைக்கலன்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாமதமாகிவிட்டது!

"என்னது?" அவள் மெல்ல எழுந்தாள். "லீவு கிடைக்கலன்னு சொன்னது... ஆபீஸ்ல இல்லையா?"

"அவருக்கா?" பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மாள் தட்டச்சை நிறுத்தாமலே சொன்னாள். "நூத்திப் பதினாலு நாள் லீவு பாக்கி இருக்கேம்மா! இந்த ஆபீஸ்லயே அவர்தான் முதல்."

காகிதச் சுவர் மேலிருந்த செங்கல்கூட அவனைப் பரிதாபமாகப் பார்த்தது.

"ஒரு பொம்மை நாட்டுக்கு லீவு கிடைக்காததால நான் மூணு வருஷமா கடலைக் காலண்டர்ல பார்த்துட்டிருக்கேன்... இல்ல?"

"ஏம்மா..."

"பேசாதீங்க."

"குடும்பச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்." இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்தாள். "நான் அறிக்கை எழுதணும். உங்க பவளத்தீவுல எட்டு கோடி ஜனத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் தண்ணி குடுக்கறீங்களாமே சார்? எங்க போலீஸ் குவார்ட்டர்ஸ்ல பதினோரு மாசமா குழாயைத் திறந்தா காத்துதான் வருது. அதையும் கொஞ்சம் பாருங்களேன்."

"அங்க நானே உத்தரவு போட்டுடலாம் மேடம். இங்க பரிசீலனை பண்ணணுமில்ல..." அவன் பெருமையும் சோகமுமாக இழுத்தான்.

அவள் மட்டும் நிமிர்ந்தாள்.

எட்டு கோடி...?

இவர் அந்தக் கணக்கைச் சொல்லவே இல்லையே!

அவள் கண் இன்ஸ்பெக்டரின் முகத்துக்குப் போனது. அந்தத் தடித்த கண்ணாடியில் போன் திரையின் பிரதிபலிப்பு பளிச்சென்று விழுந்திருந்தது. கண்ணாடியில் எது பட்டாலும் கவனிக்கிற கண் அவளுடையது.

அறிக்கை எழுதுகிற திரையில் நீலக் கடல் எதற்கு?

கடலுக்கு நடுவே பச்சையாக ஒரு தீவு. அதைச் சுற்றிச் சிவப்பாக ஆயிரம் புள்ளி. கீழே கொட்டை எழுத்தில் ஒரு பட்டன்... எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தாலும் படிக்க முடிந்தது.

'தாக்கு!'

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். கத்தினால் கணவனின் நாடு பிழைக்கும். கத்தாவிட்டால் சக்களத்தி ஒழிந்தாள்! வாயை மூடிக்கொள்ளத்தான் மனசு சொன்னது.

பிறகு அவனைப் பார்த்தாள். இறகு பறித்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தான். என்ன இருந்தாலும் வீட்டுக்காரன். இந்த நாடு போனால் நாளைக்கே இன்னொரு நாட்டை ஆரம்பிப்பான். அதற்கு இன்னும் மூணு வருஷம் லீவு கிடைக்காது!

"மேடம், கண்ணாடியில ஒரே கறை. தொடைச்சுத் தரேன், எனக்கு இதுதான் வேலை."

மறுப்பதற்குள் கண்ணாடி அவள் கைக்கு வந்துவிட்டது.

"ஏம்மா! குடு அதை! எனக்கு ஒண்ணும் தெரியல!"

"தெரியாது. மைனஸ் ஆறு." அவள் நிதானமாகக் கண்ணாடியை மடித்தாள். "மூணு மணிக்குத் தர்றேன்... தேள்!"

"தேளா?" கணவன் துள்ளி எழுந்தான். "மேடமா?!"

இன்ஸ்பெக்டர் குரல் வந்த திசையை உத்தேசமாகப் பார்த்து விரலை நீட்டினாள். அது டைப்பிஸ்டைச் சுட்டியது.

"ஆமாய்யா, நான்தான் தேள்! ஆத்துத் தண்ணி கேட்டு உன் நாட்டுக்கு எழுதினேன். என்ன பதில் போட்டே? 'தங்கள் மனு பரிசீளனையில் உள்ளது.' குவார்ட்டர்ஸ் தண்ணிக்கு இந்த ஆபீசுக்கு ஒன்பது தடவை எழுதினேன். அதுக்கும் அதே பதில்! அதே 'ளகரம்' போட்ட பரிசீளனை! இப்படி எழுதற ஆள் உலகத்துல ரெண்டு பேர் இருக்க முடியுமா? இந்த அம்மா குடிநீர் வாரியம்னு சொன்னதுமே புரிஞ்சு போச்சு!"

டைப்பிஸ்ட் அம்மாள் முதல்முறையாகத் தட்டச்சை நிறுத்தினாள். "எத்தனை தடவை திருத்தினேன், கேட்டாரா?"

"பேச்சு போதும்." அவள் ஒரு பேனாவைக் கணவன் கையில் திணித்தாள். "எடுங்க குவார்ட்டர்ஸ் மனுவை. ஆள் அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க."

"முறைப்படி அதைப் பரிசீ..."

"என்னங்க!"

செங்கல் இறங்கியது. மனு வெளியே வந்தது. பதினோரு மாசத் தூசியை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். கை உடையவில்லை, வானமும் இடியவில்லை.

"அடுத்து இதுல." வெள்ளைத்தாளை நீட்டினாள். "அஞ்சு நாள் லீவு. காரணம்... கடல்."

போட்டான். டைப்பிஸ்ட் அம்மாள் பாய்ந்து வாங்கிக்கொண்டு மேலதிகாரி அறைக்கு ஓடினாள். முப்பதே விநாடியில் முத்திரையோடு திரும்பினாள்!

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

மனைவி உறையிலிருந்து போனை எடுத்துக் கணவனிடம் கொடுத்தாள்.

"இப்ப நாட்டையும் லீவுல போடுங்க."

"ரேங்க் போயிடுமேம்மா..."

"நான் போயிடுவேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கலங்கிய கண், கலைந்த தலை, இடம் மாறிய செருப்பு... தனக்காக ஓடி வந்த கால்.

பட்டனை அழுத்தினான்.

'பவளத்தீவு விடுமுறையில் உள்ளது. அதிபர் ஐந்து நாட்களுக்கு உள்ளே வர இயலாது.'

இதைவிட அழகான காதல் கடிதத்தை அவள் வாழ்நாளில் படித்ததில்லை!

கண்ணாடியைத் துடைத்து இன்ஸ்பெக்டரின் மூக்கில் அவளே மாட்டிவிட்டாள்.

"குழாயில தண்ணி வந்துடும் மேடம். மன்னிச்சுடுங்க."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டாள். "போகட்டும். தண்ணி வந்தா சரி. அஞ்சு நாள் கழிச்சு இவரைக் கவனிச்சுக்கறேன்." போனைப் பார்த்தாள்.

பார்த்தவள், சிலையானாள்.

"ஐயோ... என் தலைநகரம்!"

"என்னாச்சு மேடம்?"

"மொத்தப் படையும் கடல்ல நிக்குது! பின்பக்கம் காவலே இல்ல! அஞ்சு படகுல வந்து கோட்டையைப் பிடிச்சுட்டான்... நத்தைபுரி! எவன்யா அந்த நத்தை?"

வாசலில் யாரோ மெதுவாகக் கனைத்தார்கள்.

ஏட்டு!

தன் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து அந்த மடித்த காகிதத்தை எடுத்தார். பணிவாக மேஜையில் விரித்தார்.

"கோட்டை பத்திரமா இருக்கு மேடம். ஒரு ஜன்னல்கூட உடையல."

"ஏட்டய்யா... நீங்களா?!"

"கேட்டப்பவே நாலு நாள் குடுத்திருந்தா, நானும் நாட்டை லீவுல போட்டுட்டுப் பேத்தியைப் பார்க்கப் போயிருப்பேன். இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, தலைநகரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தாள்.

"பரிசீலிக்கறேன்!"

"தாராளமாப் பரிசீலிங்க மேடம், அவசரமே இல்ல..." ஏட்டு சல்யூட் அடித்தார். "அதுவரைக்கும் உங்க ஜனத்துக்குத் தண்ணியை மட்டும் நிறுத்தி வெச்சிருக்கேன்!"