முட்டுக்கட்டை நின்ற இடம்

பிற்பகல் மூன்று மணி. சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று கடந்துபோன அதிர்வில், ரயில்வே குடியிருப்பின் கடைசி வீட்டுக் கூரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கீமேன் இறந்துபோனார். தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற போல்ட்டுகளை முடுக்குவது அவர் வேலை. இரவு முழுக்க நடந்த அசதியில் படுத்திருந்தார்.

ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது உடலை எடுத்துப்போயிருந்தார்கள். அக்கா வீட்டுக்குப் போயிருந்த கீமேனின் மனைவி, கையில் பையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையை யாரும் வாங்கவில்லை. அவளும் கீழே வைக்கவில்லை.

உள்ளே, கட்டிலருகே இடிபாடுகளோடு ஒரு கனத்த முட்டுக்கட்டை கிடந்தது.

"ரெண்டு வருஷமா அதுதான் கூரையைத் தாங்கிட்டிருந்துச்சு, மேடம்," என்றார் கட்டடப் பராமரிப்பு சூப்பர்வைசர். கீமேனை முதலில் பார்த்தவர் அவர்தான். "தூக்கக் கலக்கத்துல காலால எத்திவிட்டிருப்பாரு."

"கூரையில அடிச்ச வெள்ளை புதுசா இருக்கே?"

"நேத்து அடிச்சோம். இன்னைக்கு மத்தியானம் பெரிய அதிகாரி பார்வையிட வந்தாரு."

"கட்டை நிக்கும்போதேவா?"

"ஆமா. சுத்தி அடிச்சோம்."

இன்ஸ்பெக்டர் தரையில் குந்தி, விழுந்த பாளங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். துண்டோடு துண்டு சேர்த்துப் பார்த்தாள். பிறகு கட்டையின் மேல்முனையைத் துடைக்காமல், குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

எதிர்வீட்டுப் பெண் சொன்னாள்: "ரயில் போற சத்தம்னுதான் நெனச்சேன். எட்டிப் பாத்தப்போ சூப்பர்வைசர் அண்ணன் வீட்டுக்குள்ள ஓடுனாரு. உடனே வெளிய வந்து கொல்லைப்பக்கம் போனாரு. 'ஓடி வாங்க'ன்னு கூப்பிட்டது அப்புறம்தான்."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாள். "சுத்தி அடிச்சிருந்தா, கட்டை நின்ன இடம் மட்டும் அழுக்கா இருக்கணும். துண்டுகளைச் சேர்த்துப் பாத்தேன். ஒரே வெள்ளை."

"இல்ல மேடம், எடுத்துட்டு அடிச்சு, ஈரத்தோடயே திருப்பி வச்சுட்டோம். மறந்துபோச்சு."

"அப்படின்னா கட்டை முனையில சுண்ணாம்பு ஒட்டியிருக்கணும். அங்க பழைய கரிதான் இருக்கு. அந்தக் கட்டையைத் திருப்பி வைக்கவே இல்ல, அண்ணே. கூரை விழுந்தப்புறம் கொல்லையிலிருந்து கொண்டுவந்து போட்டது நீங்கதான். அதை எடுத்து அவரைச் சாகவிட்டதும் நீங்கதான்."

சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்தார். "மூணு தடவை மேல எழுதினேன், வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும்னு. பதிலே இல்ல. முட்டுக்கட்டையெல்லாம் கண்ணுல படக்கூடாதுன்னு மட்டும் ஆள் அனுப்பினாங்க. அதிகாரி கிளம்பினதும் வச்சிடறேன்னு கீமேன்கிட்ட சொல்லியிருந்தேன். அதிகாரியை ரயில் ஏத்திவிட்டுட்டு நேரா இங்கதான் வந்தேன்."

இன்ஸ்பெக்டர் அதிகாரிக்கு அங்கிருந்தே போன் செய்தாள். "அசிங்கமா எதுவும் தெரியக்கூடாதுன்னேன். ஆளைக் கொல்லச் சொன்னேனா?" என்று அவர் இணைப்பைத் துண்டித்தார். அவரைத் தொட அவளிடம் ஆதாரம் ஒன்றுமில்லை. கையில் விலங்கு இருந்தது. அது சூப்பர்வைசருக்குத்தான் பொருந்தும்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்," என்றாள் அவரிடம். "நீங்க கொல்லைக்குப் போனப்போ கீமேனுக்கு உயிர் இருந்துச்சா?"

அவர் கட்டிலைப் பார்த்தார்.

"முனகிட்டிருந்தாரு," என்றார். "என் பேரைச் சொல்லித்தான் முனகினாரு."

அவரைக் கூட வந்த ஏட்டிடம் ஒப்படைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்தாள். கீமேனின் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொல்றாங்க. வலிச்சிருக்காதுல்ல, மேடம்?"

அன்று அத்தனை பேரையும் கேள்வி கேட்ட இன்ஸ்பெக்டர், அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.