ஆயர் வாங்கிய அடி

ஆயர் கன்னத்தில் அறைவார் என்று ரொட்டிக்கடைக்காரர் மகன் சொன்னதிலிருந்து கிகோவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"பல்லெல்லாம் கொட்டிருமாம்" என்றான் அக்கா ஒடிலாவிடம்.

"அது அறை இல்லடா. ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்க விசுவாசத்துல உறுதியா நிக்கணும்னு ஆயர் உறுதிபூசுதல் குடுக்கும்போது நெத்தியில எண்ணெய் பூசிட்டு, கன்னத்துல லேசா ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான்."

கிகோ நம்பவில்லை.

பல ஊர்க் கோவில்களுக்கும் குருக்களுக்கும் தலைவரான ஆயர் அவர்களுடைய மலைக்கிராமத்துக்கு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. போன முறை வந்தபோது ஒடிலாவே பிறந்திருக்கவில்லை. ஆயர் வந்த அன்று கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவால் கோவிலுக்கு வர முடியவில்லை. "தம்பி கையை விட்டுறாத. இன்னைக்குத் தவறினா மறுபடி எப்பவோ" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மற்ற ஆயர்கள் சேணத்தில் உட்கார்ந்தபடியே பிள்ளைகளுக்கு எண்ணெய் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை வந்த ஆர்துவின் என்ற ஆயர் அப்படி இல்லை. முழங்கால் வலியோடு கோவேறு கழுதையிலிருந்து இறங்கி, ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார். ஒடிலாவுக்கும் எண்ணெய் பூசி, கன்னத்தில் தட்டி, எண்ணெய் அழியாமல் இருக்க நெற்றியில் வெள்ளைத்துணி கட்டினார்கள். அவள் திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம்.

கோவில் வாசலில் கிடந்த காலிப் பீப்பாய்க்குள் விசும்பல் கேட்டது.

"வெளிய வாடா."

"மாட்டேன்."

ஆயருடன் வந்த குருவானவர் வானத்தைப் பார்த்தார். "பனி விழுது சாமி. இப்பக் கிளம்பலைன்னா கணவாய் மூடிரும். அந்தப் பையனை விட்ருங்க."

ஒடிலா பீப்பாயையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவிடம் என்ன சொல்வது? இழுத்துப் போட்டால் அவன் இனிமேல் கோவில் பக்கமே வரமாட்டான். அவள் நேராக ஆயரிடம் போனாள்.

"சாமி, அவனுக்கு அடின்னா பயம். முதல்ல அவன் உங்களை ஒரு தட்டு தட்டட்டுமா? அவன் எவ்வளவு தட்டுறானோ அவ்வளவே நீங்களும் தட்டுங்க."

குருவானவரின் முகம் சிவந்துவிட்டது. "ஆயரையா?"

ஆயரோ அதற்குள் பீப்பாய் முன்னால் மண்டி போட்டுவிட்டார். "பார்த்துத் தட்டு ராசா. எனக்கு இருக்கிறதே நாலு பல்லு."

விசும்பல் நின்றது. ஒரு சின்னக் கை வெளியே வந்து, தூங்கும் பூனையைத் தொடுவதுபோல் ஆயரின் கன்னத்தைத் தொட்டது.

"வலிச்சுதா சாமி?"

"இல்லையே."

கிகோ மெல்ல வெளியே வந்தான். ஆயர் எண்ணெய் பூசினார், கன்னத்தைத் தொட்டார். அவன் கண்ணை இறுக மூடியபடியே நின்றான்.

"எப்ப சாமி அடிப்பீங்க?"

"அடிச்சாச்சுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒடிலாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கணவாய் மூடுவதற்குள் ஆயரும் பத்திரமாகத் தாண்டிவிட்டார்.

பல வருடங்கள் கழித்து ஆர்துவினைப் புனிதர் என்று அறிவித்தார்கள். மலையெங்கும் மக்கள் "அவரு கை என் கன்னத்துல பட்டிருக்கு" என்று பெருமை பேசிக்கொண்டார்கள்.

"நீங்கல்லாம் வாங்கினவங்க" என்பான் கிகோ. "நான் அவருக்கே குடுத்தவன்."