வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

சனிக்கிழமை, காலை 9.10.

மருதமுனை கடற்கரை வீதியில் உள்ள வாசிகசாலையில் தலைவர் ஸலாஹுதீன் ஹாஜியார் கடிதம் ஒன்று தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். மேசையில் இருந்த கணினி எழும்பவில்லை. அலுமாரியிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். திரையின் மூலையில் ஒரு சீட்டுக்கட்டின் படம். அதைத் தொட்டார்.

பச்சை மேசை ஒன்று விரிந்தது. சுற்றிலும் ஆறு நாற்காலிகள். மேலே ஒரு பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது: ரூம் 14.

ஹாஜியார் கையை எடுத்துக்கொண்டார். பிறகு செயலாளர் சப்ரியைக் கூப்பிட்டார்.

சப்ரி கணித ஆசிரியர். ஐந்து நிமிடத்தில் விசயத்தைப் பிடித்துவிட்டார். போக்கர் என்ற சீட்டாட்டம். ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் திகதி, நேரத்தோடு பதிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பதிவுகள் எல்லாமே பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்.

"ஜும்ஆத் தொழுகை நேரம் ஹாஜியார். ஊரே பள்ளியில இருக்கக்குள்ள ஒராள் இஞ்ச சீட்டு விளையாடி இருக்காரு."

கணினிக்குப் பொறுப்பு நூலகர் பர்ஸான். வயது இருபத்தேழு. பதிவேட்டில் அந்த மடிக்கணினிக்கு நேரே அவன் கையெழுத்து இருந்தது: ஏப்ரல் 1, பழுது, திருத்தக் கொடுக்கப்பட்டது. ஜூலை 10, திரும்பப் பெறப்பட்டது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, நாலரைக்கு நிர்வாகசபை கூடுவதென்று முடிவாகியது. கூட்டத்தில் வைக்க ஆதாரம் வேண்டும். கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் றினோஸாவுக்கு சப்ரி போன் எடுத்தார்.

காலை 10.30.

றினோஸா வந்தாள். வயது முப்பத்துநாலு. அதிகம் பேசமாட்டாள். முதலில் மடிக்கணினியின் மணிக்கூட்டைத் தன் போனோடு ஒப்பிட்டாள். இரண்டும் சரி.

"இதுல விண்டோஸ் இல்ல சேர். லினக்ஸ்," என்றாள். "இந்த போக்கர் விண்டோஸுக்குச் செஞ்சது. சும்மா போட்டா ஓடா. நடுவுல ஒண்டு வேணும். அதுக்குப் பேர் வைன்."

சப்ரி தலையை நிமிர்த்தினார். "சூதோட வைனுமா?"

"குடிக்கிறது இல்ல சேர். மென்பொருள். லினக்ஸுக்குள்ள ஒரு பொய் விண்டோஸ் செஞ்சி வைக்கும். போக்கர் தான் சொந்த வீட்டில இரிக்கன் எண்டு நெனச்சி ஓடும்."

"வேற பேரே கிடைக்கல்லயா அவனுகளுக்கு," என்றார் ஹாஜியார்.

றினோஸா கோப்புகளைத் திறந்தாள். போட்டவன் கெட்டிக்காரன். ஏப்ரல் முதலாம் திகதி காலை முதல் தடவை ஓட்டியபோது வெறும் கறுப்புப் பெட்டிதான் வந்திருக்கிறது. இரண்டாவது தடவை சீட்டு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எழுத்துருக்களைச் சேர்த்து, படம் வரையும் முறையை மாற்றி, மூன்றாம் தடவை சரிப்படுத்தியிருந்தான். ஒன்றரை மணித்தியால வேலை. ஆனால் அன்று ஒரு ஆட்டம்கூட ஆடப்படவில்லை.

முதல் ஆட்டம் மறுநாள், ஏப்ரல் 2. கடைசி ஆட்டம் ஜூலை 9, புதன்கிழமை. ஒரு நாள்கூட விடவில்லை. எல்லாம் பகல் நேரம். காலை ஒன்பதுக்கு முன்னால் இல்லை, மஃரிபுக்குப் பின்னால் இல்லை. இணையம் ஒரு போனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது; ஊரில் பாதிப் பேரிடம் உள்ள மலிவான போன். அதிலிருந்து ஆளைப் பிடிக்க முடியாது.

இன்னுமொன்று. 'ரூம் 14' என்ற கணக்கு தொடங்கி ஆறு வருடம். மடிக்கணினி வாசிகசாலைக்கு வந்து இரண்டு வருடம்தான்.

காலை 11.20.

பர்ஸான் பின்னறையில் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தான். றினோஸா எதிரே உட்கார்ந்தாள்.

"போட்டது நீயா?"

"ஓம் ராத்தா."

"விளையாடினதும் நீயா?"

"இல்ல."

"ஆரு?"

அவன் உறையின் ஓரத்தை விரலால் அழுத்தினான்.

"தெரியாதா, சொல்ல ஏலாதா?"

"சொல்ல ஏலா."

"பழுது எண்டு எழுதியிருக்காய். என்ட கடைக்கு வரல்லயே."

"அது பொய்தான். அந்த ஒரு பொய்தான் சொன்ன."

"வெள்ளிக்கெழம எங்க இருந்த?"

"பள்ளியில. மேல் மாடியில."

"கண்ட ஆள் இரிக்கா?"

"அல்லாஹ் கண்டிருப்பான். சப்ரி சேர் காணல்லயாம்."

றினோஸா சிரிக்கவில்லை. "தம்பி, வேல மட்டும் போறதில்ல. சூதாடினவன் எண்டு பேர் விழுந்தா இந்தக் கரையில ஒரு ஸ்கூலும் ஒன்ன எடுக்காது."

"தெரியும் ராத்தா. நாலரைக்கு எழுதுவாங்க. எழுதட்டும்."

காலை 11.50.

வாசிகசாலையைக் கூட்டுபவள் பாத்தும்மா. முற்றத்தில் ஈர்க்கு நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பியூட்டர் எப்ப திரும்பி வந்த பாத்தும்மா ராத்தா?"

"எனக்கென்ன தெரியும் புள்ள. நான் குப்ப கூட்டுற ஆள். அது கத்துற சாமானும் இல்ல, சாணி போடுற சாமானும் இல்ல."

"புதன்கெழம கண்டீங்களா?"

"புதன் நான் இஞ்ச வரல்லயே. ஹாஜியார் வீட்டில ஸஹ்றா புள்ளட இத்தா முடிஞ்ச. சமையல் முழுக்க என்ட தலையில. வியாழன்தான் வந்த."

"வரக்குள்ள கையில என்ன இருந்த?"

பாத்தும்மா ஈர்க்கைக் கீழே போட்டாள். "நல்ல கேள்வி கேக்காய். மத்தியானச் சோறு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகல் 2.15.

றினோஸா ஒரு வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து, "வாங்க, நீங்க வருவீங்க எண்டு நெனச்ச," என்று ஒரு குரல் கேட்டது. அரை மணித்தியாலம் அங்கே இருந்தாள்.

மாலை 4.05.

நிர்வாகசபை உறுப்பினர்கள் பள்ளியிலிருந்து ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். றினோஸா ஹாஜியாரை மட்டும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"வெள்ளிக்கெழமப் பதிவு. படிங்க ஹாஜியார்."

"காலையில படிச்சதுதானே."

"ஆட்டத்தப் படிச்சீங்க. ஆடாத நேரத்தப் படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். பன்னிரண்டு ஐந்திலிருந்து பன்னிரண்டு பதினைந்து வரை ஆட்டம். பன்னிரண்டு முப்பத்தைந்திலிருந்து ஒரு மணி வரை மறுபடியும் ஆட்டம். அடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"நடுவுல இருபது நிமிசம்," என்றார்.

"மத்த நாளிலயும் பகல் ளுஹர் தொழுகைக்கு அதே இருபது நிமிசம். அஸருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளும் தவறல்ல. இவங்க தொழுற ஆள் ஹாஜியார்."

"தொழுற ஆள் ஜும்ஆவ விட்டுட்டு..."

"ஆம்புள எண்டா வெள்ளிக்கெழம ஒரு மணித்தியாலமாவது இடைவெளி இரிக்கணும். குத்பா கேட்டு, தொழுது, நடந்து வரணும். தொழாதவன் எண்டா இடைவெளியே இரிக்காது. வெள்ளிக்கெழமயும் இருபது நிமிசத்துல வீட்டில ளுஹர் தொழுறது ஆரு?"

ஹாஜியார் திரையிலிருந்து நிமிர்ந்தார். "பொம்புள."

"ஓம். வெள்ளிக்கெழம ஜும்ஆ நேரத்துல மட்டும் விளையாடினதும் அதாலதான். மத்த நாள் வீட்டு ஆம்புள வயலுக்குப் போயிருவாரு. வெள்ளிக்கெழம அவர் வெளியில போறது பள்ளிக்கு மட்டும்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொண்ணூத்தொன்பது நாள், ஒரு நாளும் விடல்ல. ஹஜ்ஜுப் பெருநாள் காலையிலயும் பத்து மணிக்கு விளையாடி இரிக்காங்க. பெருநாளண்டு புது உடுப்பு உடுத்து, நாலு வீடு போகாத பொம்புள இந்த ஊரில ஆரு? நோயாளியா இரிக்கலாம். இல்லாட்டி புருசன் மவுத்தாகி, வெளியில போகாம இத்தா இரிக்கிற ஆளா இரிக்கலாம். நோய் ஒரு நாளில டக்கெண்டு நிக்காது. இது புதன்கெழமயோட நிண்டிட்டு."

வெளியே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ஹாஜியார் மடிக்கணினியின் மூடியைப் பிடித்தபடியே இருந்தார்.

"ஸஹ்றா," என்றார்.

"ஓம். நான் போய்க் கேட்டிட்டுத்தான் வந்தன். வாப்பாக்கிட்ட நீங்களே சொல்லுங்க, பர்ஸான்ட வேல போகப்படாது எண்டாங்க. பாத்தும்மா ராத்தாதான் சோத்துப் பையில கொண்டு போய்க் குடுத்த. இத்தா இரிக்கிற பொம்புளைக்கு அந்நிய ஆம்புள ஒண்டக் குடுத்தான் எண்டு ஊர் கதைக்கும். அதுக்குத்தான் அவன் வாய் திறக்கல்ல."

"சூதா? என்ட மகளா?"

"காசு இல்லாத மேசை. வெறும் வில்லை. கணக்கு அவங்கட இல்ல. தோஹாவுல காலிதீன் நானா இருந்த அறைக்கு என்ன இலக்கம்?"

காலிதீன் அவருடைய மருமகன். தோஹாவில் பாரந்தூக்கி ஓட்டினான். நோன்பு தொடங்கி இரண்டாம் நாள் வேலையிடத்தில் மாரடைப்பு. அங்கேயே அடக்கினார்கள். முகத்தைப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

"பதினாலு," என்றார் ஹாஜியார். காசோலைகளோடு வந்த கடிதங்களுக்குப் பதில் போடும்போது முகவரி எழுதியது அவர்தான்.

"அவர் வேல முடிஞ்சி அந்த மேசையிலதான் இருந்திரிக்காரு. ஆறு வருசம். அவர்ட கணினியில விண்டோஸ். அது சாமான்களோட வரக்குள்ள உடைஞ்சி வந்திட்டு. வாசிகசாலைக் கணினியில ஏத்தித் தர ஏலுமா எண்டு பர்ஸானுக்கு பாத்தும்மாக்கிட்ட சொல்லி அனுப்பியிரிக்காங்க. சீட்டுக்கு இல்ல ஹாஜியார். மேசையில கதைக்கிறதும் பதிவாகும். பாருங்க."

அவள் ஏப்ரல் 2ஐத் திறந்து தமிழில் சொன்னாள்.

ஒரு நேபாளக்காரன்: ரூம் 14, ஒரு மாதமாக எங்கே போனாய்?

ரூம் 14: வேலை.

ஒரு கென்யாக்காரன்: நீ இல்லாமல் இங்கே யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நாள்தோறும். வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாடிக்கொண்டு போவதாகச் சொல்வாயே என்று ஒருவன். தேங்காய்ப்பாலில் மீன் காய்ச்சி அறையில் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த கதையைச் சொன்னாயே என்று ஒருவன். நல்ல சீட்டு கையில் இருந்தும் புதியவனுக்கு விட்டுக்கொடுப்பாய், எங்களுக்குத் தெரியாதென்று நினைத்தாயா என்று ஒருவன். ரூம் 14 சின்னச் சின்னப் பதில்கள் மட்டும் எழுதியது. மேலும் கேட்டது.

கடைசியாக ஜூலை 9. பிற்பகல் 3.02.

ரூம் 14: நான் அவருடைய மனைவி. அவர் மார்ச்சில் மவுத்தாகிவிட்டார். உங்களிடமிருந்து அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள்.

"அதுக்குப் பிறகு?" என்றார் ஹாஜியார்.

"ஒருத்தரும் ஒண்டும் எழுதல்ல. சீட்டப் பகிர்ந்து குடுக்கிறது மென்பொருள்தானே, அது பாட்டுக்குக் குடுத்திரிக்கி. ஆறு பேருக்கும் நேரம் குடுத்து, நேரம் முடிஞ்சி, தானாக் கைய மூடியிரிக்கி. மறுகா பகிர்ந்திரிக்கி. ஒருத்தரும் தொடல்ல. நாலு தடவ."

நாலு தடவையும் பதிவில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே, நேரம் முடிந்தது, நேரம் முடிந்தது.

மாலை 4.30.

சப்ரி கூட்டப் பதிவேட்டை விரித்து, பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பர்ஸான் சுவரோரமாக நின்றான். ஹாஜியார் வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கம்பியூட்டர் மூணு மாசமா என்ட வீட்டில இருந்த," என்றார். "என்ட வீட்டுத் தேவைக்குத்தான் பர்ஸான் அதப் போட்டுக் குடுத்திரிக்கான். குற்றம் எண்டா எனக்கு எழுதுங்க."

உறுப்பினர்கள் பர்ஸானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹாஜியார், விளையாடினது..." என்று சப்ரி தொடங்கினார்.

"என்ட வீடு எண்டு சொன்னன் சேர்."

சப்ரி பேனாவை மூடினார். "அப்ப என்ன எழுத?"

"ஒண்டும் எழுத வேணா. அடுத்த விசயத்த எடுங்க."

அடுத்த விசயம் கூரைத் தகடு. அது இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. உறுப்பினர்கள் எழும்பினார்கள். பர்ஸான் மேசையைத் துடைக்கத் துணி எடுத்தான். ஹாஜியார் அவனைப் பார்த்தார். தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு நடந்தார்.

வாசலில் றினோஸா மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"மகள்," என்றார் ஹாஜியார். "அதெல்லாம் கடதாசியில எடுத்துத் தர ஏலுமா?"

"ஆட்டப் பதிவா?"

"சீட்டு வேணா. அவனப் பத்திக் கதைச்சது மட்டும். நான் வாசிக்கிறதுக்கு இல்ல. ஸஹ்றாக்கு."

இரண்டடி நடந்து திரும்பினார்.

"ரெண்டு பிரதி எடுங்க."