வாழ்கிற வீட்டில் பாடியவள்

"நீ வூட்லயே இரு லீலா. ஆஸ்பத்திரிக்கி நான் போறேன்."

நாத்தனார் பாஞ்சாலை இதைச் சொன்னபோது லீலா கணவனின் வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்த பேச்சுதான்.

"அண்ணி... நாளைக்கி ஆபரேசன். நான் பக்கத்துல இல்லாம எப்டி..."

"பக்கத்துல இருந்துகினு இன்னா பண்ணப் போற? எம் புருசனுக்குப் பாடின மாதிரி எந்தம்பிக்கும் பாடப் போறியா?"

லீலா அடுத்த வேட்டியை எடுத்து மடித்தாள். இந்த வீட்டில் அவள் பதில் சொல்லி வெகுகாலம் ஆகிறது. முன்னறையில் அவள் கணவர் பேராசிரியர் வீரபாகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் அவர் காதிலும் விழுந்திருக்கும். விழாத மாதிரி இருப்பதில் அவர் தேர்ந்தவர்.

ஊருக்கு அவர் பெரிய மனிதர். சந்தவாசல் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர். ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி எழுதிய முதல் புத்தகத்தாலேயே பேர் வாங்கியவர். அப்புறம் நாவல்கள், கட்டுரைகள், விருதுகள், அலமாரி கொள்ளாத பொன்னாடைகள். அத்தனைக்கும் அடியில் கிடந்தது லீலாவின் குரல் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஆராய்ச்சி மாணவராக டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. "வாழ்ற வூட்ல ஒப்பாரி பாடினா எழவு வரும், போய்யா!" என்று பெண்கள் விரட்டினார்கள். சாவு வீட்டுக்கே போனால், "எழவு வூட்ல இன்னாடா பொட்டி?" என்று ஆண்கள் விரட்டினார்கள். ஆய்வேடு பாதியில் நின்றது. புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மனைவியோ, படவேட்டில் ஒப்பாரிக்குப் பேர்போன ஒருத்தியின் மகள். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு அவள் காலைப் பிடித்தார். 'வேணாங்க... வேணாங்க...' என்று கெஞ்சினாள். பிறகு அழுகிற ஆம்பிளையைப் பார்க்கச் சகிக்காமல் பாடினாள். அதிலும் செத்த புருஷனுக்குப் பெண்டாட்டி பாடுகிற பாட்டு! அந்த வரிகளை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. நீங்கள் வாசிக்கிற வீடும் வாழ்கிற வீடுதானே.

அடுத்த வாரமே களம்பூர் ரோட்டில் நெல் லாரி மோதி பாஞ்சாலையின் கணவர் செத்துப்போனார். சன்னல் வழியாகப் பாட்டைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அதைச் சாவு வீட்டில் சொல்லிவிட்டாள். பாஞ்சாலை மண்ணை வாரி லீலாவின் மேல் தூற்றினாள். வீரபாகு என்ன செய்தார் தெரியுமா? 'தாய் வூட்டு நெனப்புல பாடிட்டா போல' என்று முனகிவிட்டு ஒதுங்கினார். புத்தகத்திலும் 'சந்தவாசலருகே ஒரு மூதாட்டி பாடியது' என்றே அச்சானது.

லீலா காட்டிக்கொடுக்கவில்லை. புருஷன் பேர் கெடக்கூடாது என்பது ஒன்று. தன் பாட்டுதான் கொன்றது என்று அவளே நம்பியது இன்னொன்று. இந்த வீட்டோடு வந்துவிட்ட நாத்தனாருக்குச் சோறு போட்டாள், காய்ச்சலில் கிடந்தபோது கால் அமுக்கினாள், திட்டு வாங்கினாள். அடுப்படியில் வாய்க்குள் பாடுவதைக்கூட விட்டாள். பெற்ற தாய் செத்தபோதும் அவள் வாய்விட்டு அழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் அழுதால் ஒப்பாரி மாதிரி இருக்கும் என்று அவளுக்கே பயம்.

டாக்டர் பைபாஸ் என்று சொன்ன நாளிலிருந்து அந்தப் பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்று பாடியது தன் புருஷனுக்குப் பாட வேண்டிய பாட்டல்லவா? வழிதவறி நாத்தனார் வீட்டுக்குப் போன சாவு, இப்போது சரியான வாசலைக் கண்டுபிடித்துவிட்டதோ? பின்தெருப் பவர்லூம் சத்தம் நின்றால்கூட அவளுக்குத் திக்கென்றது.

முன்னறையில் போன் அடித்தது. வீரபாகு ஸ்பீக்கரில் போட்டார். புத்தகத்தின் புதிய பதிப்பைச் சரிபார்க்கிற காவ்யா.

"சார், இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சிடுங்க. இன்னிக்கு அச்சுக்குப் போவுது. கணவனுக்குப் பாடற ஒப்பாரிக்கு மட்டும் பாடினவங்க பேரே இல்ல. 'ஒரு மூதாட்டி'ன்னே விட்டுடலாமா?"

"ஐயோ! இந்த நாள்லயா அந்தப் பேச்சு!" பாஞ்சாலை ஓடி வந்தாள். "போன வைடா மொதல்ல!"

லீலாவும் ஓடி வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அப்டியே வுட்டுடச் சொல்லுங்க... உங்களுக்குப் புண்ணியமாப் போவும்..."

வீரபாகு அவளைப் பார்த்தார். பிறகு வகுப்பில் பாடம் எழுதவைக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"எழுதிக்கம்மா. பாடியவர், லீலா. ஊர், படவேடு. பாடிய இடம், ஆரணி, நூலாசிரியர் வீடு. சூழல்..." அக்காவை ஒருமுறை பார்த்தார். "சூழல், வீட்டில் சாவு இல்லை. பாட மறுத்தார். நூலாசிரியர் காலைப் பிடித்துக் கட்டாயப்படுத்திப் பாடவைத்தார்."

"சார்..." காவ்யா தயங்கினாள். "இப்டிப் போட்டா இத்தன வருசமாப் புத்தகத்துல இருந்தது பொய்னு ஆயிடுமே. உங்க பேரு..."

"பொய்தாம்மா. கெட்டா கெடட்டும். போடு."

போனை வைத்தார்.

பாஞ்சாலை தம்பியின் எதிரே வந்து நின்றாள். "நீயா...? நீயாடா பாடச் சொன்ன? இவள நான் தெனமும் சாபம் வுட்டுகினு இருந்தேனே... பக்கத்துல சோறு துன்னுகினே கேட்டுகினு இருந்தியேடா, பாவி!"

"பயம்க்கா... உம் மூஞ்சியப் பாக்க பயம்."

அடிக்க ஓங்கிய கையைத் தம்பியின் நெஞ்சைப் பார்த்ததும் நிறுத்தி, தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். லீலா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி! அவரு சொன்னாலும் பாடினது என் வாய்தான? எனக்கு பயமாக்கீது அண்ணி... அன்னிக்கி பாடினது இப்ப இவரத் தேடிகினு வந்துடுச்சோன்னு... சோறு எறங்கல... யார்கிட்ட சொல்லுவேன்!"

"அடி பைத்தியமே!" பாஞ்சாலை அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒம் பாட்டா கொன்னுது? அன்னிக்கி அவரு மூக்கு முட்டக் குடிச்சிட்டுப் போயி லாரிக்கு முன்னால நின்னாரு. லாரிக்காரன் எங்கால்ல வுயுந்து சொன்னான்டி. செத்த புருசன் மேல பழி போட மனசு வரல... ஒம்மேல போட்டுட்டேன். போட்டுகினே இருந்துட்டேன்!"

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கப்படி கொல்லைப் பக்கம் நடந்தாள். தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாது. பின்வழியாகச் சுற்றிப் போய், தம்பி ஏறிய பிறகு ஏறிக்கொள்வாள். அவள் போவதைப் பார்த்து லீலாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. மறுகணம் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அண்ணி!"

"இன்னாடி?"

"முன்வாசலுக்குப் போங்க. எதுர்ல வாங்க."

"வேணாம்டி... எந்தம்பி உசுரு..."

லீலா தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "வாழ்ற வூட்ல பாடினவ கூடவே வரேன். நீங்க எதுர்ல வந்தா இன்னா? வாங்க."

பாஞ்சாலை முன்வாசலுக்குப் போய்த் தெருவில் இறங்கித் திரும்பினாள். இரண்டு கையிலும் தண்ணீர்ச் செம்பை ஏந்தி, தலை குனிந்தபடி எதிரே வந்தாள். வீரபாகு படியிறங்கி நேராக அவளை நோக்கி நடந்தார். செம்பை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். மூன்று பேரும் காரில் ஏறினார்கள்.

வேலூர் ரோட்டில் கார் திரும்பியது. லீலா வழக்கம்போல் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பாஞ்சாலை அதை இழுத்து எறிந்தாள்.

"அழு தாயீ. சத்தமா அழு. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்."

லீலா வாய்விட்டு அழுதாள். அவள் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.