அறுபது எண்ணும் வரை

ஷெரிஃப் அலுவலகம் திருப்பிக் கொடுத்த பிளாஸ்டிக் பையில் ஆறு தோட்டாக்கள் இருந்தன. வெங்கடகிருஷ்ணனின் ரைஃபிளில் ஐந்துதான் கொள்ளும்.

ஃபிரிஸ்கோ வீட்டின் கேரேஜில், கணவர் தன் கையாலேயே தோட்டா தயாரிக்கும் மேசையில், நாகலக்ஷ்மி அவற்றை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஆறும் வெடிக்காதவை. ஆறின் அடியிலும் ரைஃபிளின் ஊசி குத்திய தடம். ஐந்தில், பிரைமர் என்கிற அந்தப் பொட்டளவு மூடியைச் சுற்றி, ஈரம் புகாமல் இருக்க அவர் தடவிய சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. அவளுடைய பாலிஷ். ஆறாவதில் அது இல்லை. பித்தளை பச்சை பூத்திருந்தது. முகர்ந்தால் ஈரமண்ணும் திரிந்த பாலும் கலந்த வாடை. அதை மட்டும் டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

காட்டுப்பன்றி தாக்கியதாக அறிக்கை சொன்னது. நண்பர் சபரிநாதனோடு சேர்ந்து வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், பரணின் அடியில் அவர் இறந்து கிடந்தார். மேலே பலகையில் தோட்டாக்கள் நேராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கக் கூடாது. மருந்து தாமதமாகவும் பற்றலாம். குழலை இலக்கிலேயே வைத்து அறுபது எண்ண வேண்டும். அவளுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் உரக்க எண்ணுவார். நாற்பது வந்ததும் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். ஐந்து தோட்டா என்றால் ஐந்து நிமிடம். எதை எதிரில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் எண்ணினார்? ஏன் ஓடவில்லை?

போல்ட்டைப் பிரித்தபோது, தோட்டாக்கள் ஏன் வெடிக்கவில்லை என்பதற்கு ஒரு விடை கிடைத்தது. ஊசி ஓடும் துளைக்குள் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று காருக்கும் லேப்டாப்புக்கும் வைத்த கையோடு ரைஃபிளுக்கும் அவள்தான் வைத்தாள், பன்னீரில் குழைத்து, தாராளமாக. ஊசி வேகம் இழந்திருக்கும். ஐந்து தோட்டாக்களிலும் குழி ஆழமில்லை.

"வித்துடுங்க அண்ணி," என்றான் சபரிநாதன் போனில். "லீஸையும் கேன்சல் பண்ணிடலாம்."

"என் சந்தனம்தான் அவரைக் கொன்னுச்சான்னு தெரியணும், சபரி."

"தெரிஞ்சு?"

"இல்லேன்னா தூங்குவேன். ஆமான்னா, அந்தப் பன்னியைச் சுட்டுட்டு வந்து தூங்காம கெடப்பேன்."

ஆஸ்டினிலிருந்து மகள் மாளவிகா அழைத்தாள். "அம்மா, யூ கான்ட் ஈவன் கில் எ காக்ரோச்."

"கரப்பான்பூச்சி என் புருஷனைக் கொல்லலடி."

ஊசியைச் சுத்தம் செய்தாள். ஸ்பிரிங்கை மாற்றினாள். துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய் அவருடைய அதே ஐந்து தோட்டாக்களையும் போட்டாள். ஐந்தும் வெடித்தன. அதே பெட்டியிலிருந்து இன்னும் இருபது. ஒன்றுகூடத் தவறவில்லை. சந்தனம்தான், சந்தேகமில்லை. காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து வெகுநேரம் அழுதாள். அடுத்த சனிக்கிழமை தனியாகப் பரணேறினாள்.

மாலை ஐந்தரை. சாய்ந்த வெயிலில் புல்வெளி முழுக்கத் தாமிர நிறமாக, குட்டையில் தவளைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்க, மரங்களிலிருந்து பிசின் மணம் மெல்ல இறங்கி வந்தது. பலகையில் அவர் தோட்டாக்களை நிறுத்திய இடத்தில் வட்டவட்டமாகத் தடங்கள் தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தாள். ஆறு.

தவளைகள் நின்றன.

திரிந்த பால் வாடை. தூரத்துப் புல்லுக்கு மேலே ஏதோ நின்றது. பன்றிக்கு அவ்வளவு உயரம் கிடையாது. எல்லா மரங்களின் நிழலும் கிழக்கே விழ, அதன் நிழல் மட்டும் சூரியனை நோக்கி நீண்டிருந்தது.

குறிபார்த்து அழுத்தினாள். க்ளிக்.

அறுபது எண்ணினாள். அது அசையவில்லை. போல்ட்டைத் திறந்து தோட்டாவைக் கையில் எடுத்துத் திருப்பினாள். சிவப்பு வளையத்தின் நடுவே குழி ஆழமாக, சுத்தமாக இருந்தது. ரேஞ்சில் வெடித்தவற்றில் இருந்த அதே குழி. ஊசி சரியாகத்தான் அடித்திருக்கிறது. இது வெடித்திருக்க வேண்டும்.

 இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்தது.

"என் சந்தனம் இல்ல," என்று சத்தமாகவே சொன்னாள். "நீதானா? வா."

தோட்டாவைப் பலகையில் நிறுத்தினாள். அடுத்தது. க்ளிக். எண்ணினாள். நாற்பதில் மூச்சு வாங்க நின்றபோது புல்லுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நாப்பத்தொண்ணு," என்றது அவருடைய குரல். "நாப்பத்திரெண்டு."

கண்ணில் நீர் நிறைந்தது. துடைக்கவில்லை. குழலை விலக்கவும் இல்லை. அந்தக் குரலை மீறி உரக்க எண்ணினாள்.

மூன்றாவது. க்ளிக். பாதிப் புல்வெளியைக் கடந்திருந்தது. நடந்ததை அவள் பார்க்கவில்லை.

நான்காவது. க்ளிக். பரணுக்கு அடியில்.

ஐந்தாவது. தரைப் பலகையின் திறப்பை நோக்கிக் குழலைத் திருப்பினாள். ஏணி அங்கேதான். க்ளிக்.

எண்ணத் தொடங்கினாள். கீழேயும் எண்ணியது. ஓடலாம். பின்பக்கம் குதித்தால் கார் ஐம்பதடி. அப்போதுதான் புரிந்தது, அவர் ஏன் ஓடவில்லை என்று. அறுபது ஆகும்வரை தோட்டா செத்துவிடவில்லை. எந்த நொடியிலும் பற்றலாம். அதுவரை ஆயுதம் அவள் கையில்தான்.

ஐம்பத்தேழு. ஏணி முனகியது.

ஐம்பத்தெட்டு.

"அம்பத்தொம்போது," என்றது கீழே. நிறுத்தியது. காத்திருந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அறுபதை அதற்குத் தரமாட்டாள். விரல் விசையில். குழல் அசையவில்லை.

திறப்பின் விளிம்பில் ஒரு கை எழுந்தது. நகக்கண்களில் ஈரச் சந்தனம். ஃபிரிஸ்கோவில் அவள் பூட்டி வைத்துவிட்டு வந்த, பச்சை பூத்த அந்தத் தோட்டாவை, அவளுடைய நான்கின் பக்கத்தில், மெதுவாக, நேராக நிறுத்தியது.