மகாராணி வந்தாள், களை வந்தது

புது மாடு வண்டியிலிருந்து இறங்கியதுமே அப்பா சொக்கிப்போனார். வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்புப் பொட்டு, ‘நான் யார் தெரியுமா’ என்பதுபோல ஒரு நடை.

“எவ்வளவு களையான மாடு பாருங்க! இது வந்த நேரம், உங்க பண்ணைக்கே களை வந்துடும்!” என்றார் மாட்டுத் தரகர். கூடவே ஒரு வண்டி வைக்கோலையும் இலவசமாக இறக்கிவிட்டுப் போனார்.

அப்பா மாட்டுக்கு மகாராணி என்று பேர் வைத்தார். ‘இலவசம்’ என்ற சொல்லை அன்று மட்டும் பதினேழு தடவை சொன்னார். அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார்.

தரகர் வாக்கு அப்படியே பலித்தது. ஒரே மாதத்தில் பண்ணைக்குக் களை வந்துவிட்டது. முகத்தில் வருமே, அந்தக் களை இல்லை. குனிந்து குனிந்து பிடுங்குவோமே, அந்தக் களை!

தக்காளிப் பாத்தியெங்கும் இலை ஓரத்தில் முள் வைத்த ஒரு செடி. அதைப் பிடுங்கிப் பிடுங்கி அப்பாவின் விரல்கள் வீங்கிவிட்டன.

“எல்லாம் பக்கத்து நிலத்துக்காரன் வேலை. அவன் களையே எடுக்கிறதில்லை. அங்கேருந்து காத்துல பறந்து வருது” என்றார்.

“நேத்துவரைக்கும் மச்சான் மச்சான்னு உருகினீங்க?” என்றார் அம்மா.

“இனிமே அவன் மச்சான் இல்லை, அந்த ஆளு. அடுத்த ஞாயித்துக்கிழமை கம்பி வருது. வேலியில இருக்கிற ஓட்டையை அடைச்சுடப் போறேன்.”

அதைக் கேட்டதும் மகள் துருவி வேலிக்கு ஓடினாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்கு அந்தப் பேர். பக்கத்து நிலத்துத் தும்மல் மாமாவின் மகள் வாலு அவளுடைய உயிர்த் தோழி. இருவரும் ஒருநாளைக்குப் பத்துமுறையாவது நுழைந்து போய்வருவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

“எங்க நிலத்துல அந்தச் செடி ஒண்ணுகூட இல்லை. நான் தேடிட்டேன்” என்றாள் வாலு, ஓட்டைக்குள் தலையை நீட்டி.

இல்லாத செடியின் விதை எப்படிப் பறந்து வரும்? துருவி பண்ணையைச் சுற்றி வந்தாள். மகாராணியின் சாணி போட்ட தக்காளிப் பாத்தியில் களை இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில் இருந்தது. மகாராணி முதுகு சொறியும் கம்பத்தடியிலும் இருந்தது. பழைய மாடு மூத்தவளின் சாணி போட்ட மிளகாய்ப் பாத்தியில் மட்டும் இல்லவே இல்லை.

துருவி மகாராணியை முறைத்துப் பார்த்தாள். மகாராணி வாலைத் தூக்கி, ‘பொத்’ என்று பதில் சொன்னாள்.

அன்று சனிக்கிழமை. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைகள் சாகட்டும் என்று துருவி அதில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஆறவைத்து, இரண்டு உடைந்த வாளிகளில் நிரப்பினாள். ஒன்றில் மகாராணியின் சாணியைக் கலந்தாள். இன்னொன்றில் மூத்தவளின் சாணி. இரண்டையும் தன் அறை ஜன்னலோரம் வைத்தாள்.

“வீட்டுக்குள்ள சாணியா!” அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இது பரிசோதனைம்மா.”

“பரிசோதனை நாறுதுடி!”

வியாழன்வரை ஒன்றும் முளைக்கவில்லை. துருவி மணிக்கொரு தடவை வாளிக்குள் குனிந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை மகாராணியின் வாளியில் மூன்று தளிர்கள் எட்டிப் பார்த்தன. ஞாயிறு காலை, அப்பா கம்பிச் சுருளும் சுத்தியலுமாகக் கிளம்பியபோது பதினோரு செடிகள் நின்றன. இலை ஓரங்களில் குட்டிக் குட்டி முள்!

துருவி வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “அப்பா, இது மகாராணி சாணி. இது மூத்தவள் சாணி. பாருங்க.”

அப்பா மாறி மாறிப் பார்த்தார். “ஜன்னல் வழியா... காத்துல...”

“அப்போ பக்கத்து வாளியில மட்டும் ஏன் விழலை?”

“இவ மட்டும் தின்னது அந்த வைக்கோல்தானே!” என்று அப்பா சுத்தியலைக் கீழே போட்டார். விறுவிறுவென்று போய், தரகர் தந்த வைக்கோல் கட்டு ஒன்றைத் தோளில் தூக்கி வந்து முற்றத்தில் போட்டு உதறினார். கொக்கி முள் வைத்த காய்ந்த காய்கள் பொலபொலவென்று கொட்டின. மகாராணி அதைத்தான் ஒரு மாதமாகத் தின்று, பண்ணை முழுக்க விதைத்துக்கொண்டிருந்தாள்.

“இலவசம்...” என்று முனகினார் அப்பா.

“பதினெட்டு” என்றார் அம்மா.

“இந்த வைக்கோலை நிறுத்திடலாம்பா” என்றாள் துருவி. “வயித்துல இருக்கிறது வெளியே போறவரைக்கும் மகாராணி பத்து நாள் தனியா இருக்கட்டும். சாணியை நேரா பாத்தியில போடாம, குவிச்சு மூடி வைக்கலாம். குப்பைமேட்டுக்குள்ள கை வெச்சா சுடுமே, அந்தச் சூட்டுல விதை வெந்துடும்.”

அப்பா தலையாட்டினார். ஆனால் முகம் வாடியிருந்தது. “அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“நேரா போய் முழிங்க” என்றார் அம்மா.

அப்பா வேலி ஓட்டையை நோக்கி நடந்தார். அந்தப் பக்கம் தும்மல் மாமா நின்றிருந்தார். அப்பா குனிந்து தலையை நுழைத்தார்.

“மச்சான்...” என்றார். “உன்மேல வீண்பழி போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

“அப்பா, நில்லுங்க! நகராதீங்க!” துருவி கத்தினாள். “முதுகைப் பாருங்க மாமா!”

வைக்கோல் கட்டைத் தூக்கிய சட்டையின் முதுகில் முள் காய்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. இன்னும் ஒரு அடி வைத்திருந்தால், இல்லாத களை மாமாவின் நிலத்துக்கு உண்மையிலேயே போயிருக்கும்.

மாமா பார்த்தார். சிரிப்பு வந்தது, சிரிப்போடு தும்மலும் வந்தது. தும்மிய தும்மலில் மரத்துக் காக்கைகள் பறந்தன.

“மச்சான், மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்லை விதைக்க வந்தீங்களா?”

அப்பாவும் சிரித்துவிட்டார். பாதி உடம்பு இங்கே, பாதி அங்கே என்று அவர் அப்படியே நிற்க, துருவியும் வாலுவும் ஒவ்வொரு காயாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார்கள்.

வாங்கிய கம்பி வீணாகவில்லை. மாலைக்குள் அப்பாவும் மாமாவும் சேர்ந்து அதை மகாராணியைச் சுற்றி வேலியாகக் கட்டிவிட்டார்கள். அவள் அதற்குள்ளும் ‘நான் யார் தெரியுமா’ என்றே நின்றாள்.

“உங்கப்பாமேலயும் விதை ஒட்டியிருந்துச்சே? அவரும் பத்து நாள் உள்ளே இருக்க வேண்டாமா?” என்று ஓட்டை வழியாகக் கேட்டாள் வாலு.

துருவி கொஞ்சம் யோசித்தாள்.

“வேண்டாம். சட்டையை மட்டும் உள்ளே போட்டுடலாம்.”